விந்தணு பூஜ்யம், எஃப்.எஸ்.எச்., எல்.எச். இரண்டுமே குறைவு: டெஸ்டோஸ்டிரோன் ஊசி போடலாமா?

லேப்_செங்கோட்டை:

எல்லாருக்கும் வணக்கம். புளியரைக்காரர் ஒருத்தர், வயசு 33. மலைக்கு அந்தப் பக்கம் ஆரியங்காவு எஸ்டேட்டில் ரப்பர் பால் வெட்டு வேலை. கல்யாணமாகி நாலு வருஷம், குழந்தை இல்லை. மனைவிக்கு 28 வயசு. மாதவிடாய் ஒழுங்கு, கருக்குழாய் ரெண்டும் திறந்திருக்கு, முட்டை இருப்பைக் காட்டுற ஏ.எம்.எச். நல்லா இருக்கு.

இவருக்கு விந்துப் பரிசோதனை மூணு வார இடைவெளியில் ரெண்டு தடவை செஞ்சாச்சு. அளவு 0.6, 0.5 மி.லி. சென்ட்ரிஃப்யூஜ் பண்ணி அடிப்படிவில் தேடியும் ஒரு அணுகூட இல்லை. விரையைத் தூண்ட பிட்யூட்டரி (மூளைக்கு அடியில் இருக்கிற சுரப்பி) அனுப்புற ஹார்மோன்கள் எஃப்.எஸ்.எச். 1.1, எல்.எச். 0.6. ஆண் ஹார்மோன் டெஸ்டோஸ்டிரோன் தென்காசி லேப்பில் 84, புனலூர் லேப்பில் 0.9. பாலைச் சுரக்க வைக்கிற புரோலாக்டின் ஹார்மோன் 2. தைராய்டைத் தூண்டுற டி.எஸ்.எச். 2.1, அது நார்மல். சோடியம் 129, ஹீமோகுளோபின் 10.4. ஸ்கேனில் விரை ரெண்டும் 12 மி.லி. வாசனை நல்லாத் தெரியுது. பருவம் எல்லாரையும் போலத்தான் வந்திருக்கு. இப்போ தாடி வளர்றது ரொம்பக் குறைஞ்சிருக்கு, எப்பவும் அசதி. ஆறு வருஷம் முன்னாடி கண்ணாடிவிரியன் கடிச்சு, மூத்திரம் நின்னு, டயாலிசிஸ் வரைக்கும் போய்ப் பிழைச்சவர். சிறுநீரகம் வேலை செய்யுறதைக் காட்டுற கிரியேட்டினின் இப்போ 1.2.

டெஸ்டோஸ்டிரோன் 250 மி.கி. ஊசி, மூணு வாரத்துக்கு ஒண்ணுன்னு சீட்டு எழுதிக் கொடுத்திருக்காங்க. இன்னும் போடலை. "குறைவா இருக்கிறதைத்தானே கொடுக்காங்க, போட்டா சரியாயிடுமே"ங்கிறார். தெரிஞ்சவர் ஒருத்தர் குளோமிஃபீன் மாத்திரை போதும்னு சொல்லியிருக்கார். எது சரி? முதல்ல எதைப் பார்க்கணும்?

பொதிகை_எண்டோ:

தம்பி, அந்த ஊசியைப் போட விடாதீங்க. குழந்தை வேணும்னு வந்தவருக்கு அது நேர் எதிரான மருந்து.

பிட்யூட்டரி சுரப்பி அனுப்புற எல்.எச்., விரையில் இருக்கிற லேடிக் செல்லைத் தூண்டி அங்கேயே டெஸ்டோஸ்டிரோனைச் சுரக்க வைக்குது. எஃப்.எஸ்.எச். செர்டோலி செல்லைத் தூண்டி அணுவை வளர்க்குது. அணு உருவாகணும்னா விரைக்குள்ளே டெஸ்டோஸ்டிரோன் ரத்தத்தில் இருக்கிறதைவிடப் பல மடங்கு இருக்கணும். ஊசியாப் போட்டா ரத்தத்தில் அளவு ஏறும், தாடி வளரும், உறவில் நாட்டம் வரும். விரைக்குள்ளே மட்டும் ஏறாது. அதோட, மிச்சம் மீதி வந்துக்கிட்டிருக்கிற எல்.எச்.சும் நின்னுபோகும். உலக சுகாதார நிறுவனத்தின் 1990ஆம் ஆண்டு ஆய்வில் வாரம் 200 மி.கி. டெஸ்டோஸ்டிரோன் எனன்தேட்டை ஆண்களுக்கான கருத்தடை ஊசியாகவே சோதிச்சுப் பார்த்தாங்க. பாதிக்கு மேற்பட்டவங்களுக்கு அணு பூஜ்யத்துக்கு வந்துது. நல்லா இருந்தவங்களுக்கே அப்படின்னா இவருக்கு என்ன ஆகும்னு யோசிச்சுக்கோங்க.

படிக்கிற மத்தவங்களுக்காக ஒண்ணு: 84ம் 0.9ம் ஏறக்குறைய ஒரே அளவுதான். தென்காசி ரிப்போர்ட் நானோகிராம்/டெசிலிட்டர், புனலூர் ரிப்போர்ட் நானோகிராம்/மி.லி. ரெண்டாவதை 100ஆல் பெருக்கினா முதல் யூனிட்டுக்கு வரும், அதாவது 90. சில லேப்பில் நானோமோல்/லிட்டர்னு வரும், அதை 28.8ஆல் பெருக்கணும். மாநில எல்லைக்கு ரெண்டு பக்கமும் மாறி மாறி ரத்தம் கொடுக்கிறவங்க யூனிட்டைப் பார்க்காமல் "நூறு மடங்கு குறைஞ்சுபோச்சு"ன்னு பயந்து வர்றது அடிக்கடி நடக்குது.

இப்போ எண்களுக்கு வருவோம். டெஸ்டோஸ்டிரோன் இவ்வளவு கீழே இருந்தா பிட்யூட்டரி எல்.எச்.சை அள்ளி அனுப்பணும், பத்து, இருபதுன்னு ஏறியிருக்கணும். இங்கே 0.6. அப்போ கோளாறு விரையில் இல்லை, மேலே இருக்கு. எஃப்.எஸ்.எச். 25, 30ன்னு ஏறி, விரையும் சுருங்கியிருந்தா எந்த ஹார்மோன் ஊசியும் பெரிசா உதவாது. குரோமோசோம் பரிசோதனை, ஒய் குரோமோசோம் இழப்புப் பரிசோதனைன்னு வழியே வேற. ஆண் குழந்தையின்மையில் மருந்தாலேயே அணுவை வரவைக்கக்கூடிய வகை ரொம்பக் குறைவு. இவருக்கு இருக்கிறது அந்த வகை. விந்தளவு 0.6 மி.லி.க்கு இறங்கினதும் இதனாலதான். புராஸ்டேட்டும் விந்துப்பையும் டெஸ்டோஸ்டிரோனை நம்பி இருக்கிற உறுப்புகள். ஆகையால் அடைப்புன்னு நினைச்சு விரையில் பயாப்சி எடுக்க இப்போதைக்கு யாரும் கிளம்ப வேண்டாம்.

ஆனா எனக்கு அணுவைவிடப் பெரிய கவலை ஒண்ணு இருக்கு. நீங்க கடைசியில் எழுதின பாம்புக்கடியைத்தான் நான் முதல்ல வைப்பேன். கண்ணாடிவிரியன் விஷம் ரத்தக்குழாயைக் கசிய வைக்கும், ரத்தம் உறையுறதைக் குலைக்கும். பிட்யூட்டரி வீங்கி, அதுக்குள்ளேயே ரத்தம் கசிஞ்சோ ரத்த ஓட்டம் நின்னோ செத்துப்போகலாம். பிரசவத்தில் ரத்தம் கொட்டின பெண்களுக்கு வர்ற ஷீஹான் நோய் மாதிரியேதான். பர்மாவில் இதைப் பார்த்து 1987லேயே மருத்துவ இதழில் விரிவா எழுதியிருக்காங்க. சிறுநீரகம் நின்னுபோற அளவுக்கு விஷம் ஏறினவங்களுக்குத்தான் இது அதிகம். விஷமுறிவு மருந்து உயிரைக் காப்பாத்தும், செத்த சுரப்பியைத் திருப்பித் தராது. அறிகுறி கடிச்ச வாரத்திலேயும் வரலாம், வருஷம் கழிச்சும் வரலாம்.

அந்தக் கண்ணோட உங்க ரிப்போர்ட்டைத் திரும்பப் பாருங்க. புரோலாக்டின் 2: அதுவும் பிட்யூட்டரியில் இருந்துதான் வரணும், வரலை. சோடியம் 129, ஹீமோகுளோபின் 10.4: கார்டிசாலும் (உடம்பு நெருக்கடியைத் தாங்க உதவுற ஹார்மோன்) தைராய்டும் குறைஞ்சா இப்படித்தான் இறங்கும். டி.எஸ்.எச். நார்மல்னு எழுதியிருக்கீங்களே, ஏமாத்துறது அதுதான். டி.எஸ்.எச்.சை அனுப்புறதே பிட்யூட்டரி. சுரப்பி கெட்டவருக்கு டி.எஸ்.எச். 2.1ன்னு அழகா நிக்கும், ஃப்ரீ டி4 (ரத்தத்தில் இருக்கிற தைராய்டு ஹார்மோன்) தரையில் கிடக்கும். இவருக்கு ஃப்ரீ டி4 பார்க்காமல் தைராய்டு நல்லா இருக்குன்னு சொல்ல முடியாது.

அதனால முதல்ல காலை 8 மணி கார்டிசால், ஃப்ரீ டி4. கார்டிசால் 3 மைக்ரோகிராம்/டெசிலிட்டருக்குக் கீழேன்னா குறைபாடு உறுதி. 15க்கு மேலேன்னா பெரும்பாலும் பயமில்லை. நடுவில் நின்னா தூண்டல் சோதனை செய்யணும். இன்னொண்ணு விசாரிங்க: மூட்டுவலிக்கோ ஆஸ்துமாவுக்கோ பேர் எழுதாத பொடி, லேகியம், கேப்ஸ்யூல் சாப்பிடுறாரா? ஸ்டீராய்டு கலந்த பொடியும் கார்டிசாலை அடக்கிடும். முடி வளர பயோட்டின் மாத்திரை சாப்பிட்டா மூணு நாளாவது நிறுத்திட்டு ரத்தம் கொடுக்கச் சொல்லுங்க. சில மெஷின்களில் அது எல்.எச்., எஃப்.எஸ்.எச்., டி.எஸ்.எச்.சைப் பொய்யாக் குறைச்சும், டெஸ்டோஸ்டிரோன், கார்டிசால், டி4ஐப் பொய்யாக் கூட்டியும் காட்டும்.

மருந்து தொடங்குற வரிசை உயிர்ப் பிரச்சினை. ரெண்டும் குறைஞ்சிருந்தா கார்டிசாலுக்குப் பதிலான ஹைட்ரோகார்டிசோன் முதல்ல, சில நாள் கழிச்சுத்தான் தைராய்டு மாத்திரை தைராக்சின். மாத்திப் போட்டா, இருக்கிற கொஞ்சம் கார்டிசாலும் வேகமாக் கரைஞ்சு ரத்த அழுத்தம் சரிஞ்சு விழுந்துடுவார். அதுக்கப்புறம் பிட்யூட்டரி எம்.ஆர்.ஐ. அணுவுக்கான ஊசி இதெல்லாம் ஒரு நிலைக்கு வந்த பிறகுதான்.

குளோமிஃபீன் பத்தி: அது ஈஸ்ட்ரோஜன் சேதியை மறைச்சு, "இன்னும் எல்.எச். அனுப்பு"ன்னு மூளையைத் தூண்டுற மருந்து. அனுப்புறதுக்குச் சுரப்பி உயிரோட இருக்கணும். உடல் பருமன், சர்க்கரை, தூக்கத்தில் மூச்சுத் திணறல் இதனால எல்.எச். தணிஞ்சு இருக்கிறவங்களுக்கு தினம் 25 மி.கி. கொடுத்து நாலு வாரத்தில் டெஸ்டோஸ்டிரோன் ஏறுதான்னு பார்க்கலாம். பார்வை மங்கினா அன்னிக்கே நிறுத்தணும். விரியன் கடியில் சுரப்பி செத்தவருக்கு அதனால ஒரு பிரயோஜனமும் இல்லை, மாசங்கள்தான் வீணாகும்.

லேப்_செங்கோட்டை:

ரொம்ப நன்றி அண்ணாச்சி. 8 மணி கார்டிசால் 2.2, ஃப்ரீ டி4 0.5, ரெண்டும் குறைவு. திருவனந்தபுரம் மருத்துவக் கல்லூரி எண்டோகிரைனாலஜிக்குப் போயிருந்தாங்க. எம்.ஆர்.ஐ.யில் சுரப்பி இருக்கிற குழி முக்கால்வாசி காலி. ஹைட்ரோகார்டிசோன் தொடங்கி, ஒரு வாரம் கழிச்சு தைராக்சின். சோடியம் 137க்கு வந்தாச்சு, ஆளும் தெளிஞ்சிருக்கார். இப்போ எல்.எச். வேலையைச் செய்யுற எச்.சி.ஜி. ஊசி 2000 ஐ.யூ. (யூனிட்) வாரம் ரெண்டு தடவைன்னு எழுதியிருக்காங்க. இங்கே மருந்துக் கடையில் 5000 ஐ.யூ. குப்பிதான் இருக்கு. அதை எப்படிப் பிரிக்கிறது? எஸ்டேட் லயத்தில் (தொழிலாளர் வரிசை வீட்டில்) ஃப்ரிட்ஜும் இல்லை. ஹைட்ரோகார்டிசோன் காலை 8 மணிக்குன்னு சீட்டில் இருக்கு, இவர் விடிய 3 மணிக்கே எழுந்து பால் வெட்டப் போறவர். அதையும் சொல்லுங்க.

பொதிகை_எண்டோ:

8 மணிங்கிறது 7 மணிக்கு எழுந்திருக்கிறவங்களுக்கு எழுதுறது. இவர் எழுந்த உடனே, கத்தியை எடுக்கிறதுக்கு முன்னாடி முதல் மாத்திரை போடணும். வழக்கமா நாளுக்கு 15 முதல் 25 மி.கி.யைப் பிரிச்சுக் கொடுப்போம். எழுந்ததும் 10, முற்பகல் 5, பிற்பகல் 5ங்கிற மாதிரி. இவர் வேலை நேரத்தை டாக்டர்கிட்டச் சொல்லி மத்த வேளைகளையும் முன்னாடி நகர்த்திக்கோங்க. தைராக்சினுக்கு டி.எஸ்.எச். பார்த்து அளவைக் குறைச்சுடாதீங்க, அது பூஜ்யத்துக்குப் போனாலும் இவருக்கு அர்த்தமில்லை. ஃப்ரீ டி4 மட்டும் பாருங்க, நார்மலின் மேல் பாதியில் இருந்தா நல்லது. ஊசி விஷயம் பாறசாலை அக்கா சொன்னா சரியா இருக்கும்.

ஸ்டாஃப்_பாறசாலை:

தம்பி, முடிஞ்சா 2000 ஐ.யூ. குப்பியே வரவழைச்சுக் கேளுங்க. ஒரு குப்பி, ஒரு ஊசி, மிச்சம் இல்லை. வீட்டில் ஃப்ரிட்ஜ் இல்லாதவங்களுக்கு அதுதான் நிம்மதி. 5000 குப்பியோட வர்ற கரைப்பான் பெரும்பாலும் வெறும் உப்புநீர், கிருமி வளராமல் தடுக்கிற பொருள் அதில் கிடையாது. கரைச்சா உடனே போடணும், மிச்சத்தைக் கொட்டணும். காசு கொடுத்து வாங்கினதைக் கொட்ட மனசு வராதுதான். ஆனா வச்சிருந்து போட்டா ஊசி போட்ட இடத்தில் சீழ் வரலாம், மருந்தும் வீரியம் போயிருக்கும். பல நாள் வச்சுப் போடலாம்னு லேபிளிலேயே எழுதின குப்பின்னா மட்டும், அது சொல்ற நாள் வரைக்கும் 2 முதல் 8 டிகிரியில் வைக்கலாம்.

இப்போ அளவு. இதில்தான் நிறையப் பேர் தப்புப் பண்றாங்க. இன்சுலின் சிரிஞ்சில் இருக்கிற கோடு இன்சுலின் யூனிட், எச்.சி.ஜி. யூனிட் இல்லை. நம்ம ஊரில் ரெண்டு வகை சிரிஞ்சு விக்குது: சிவப்பு மூடி யூ-40ல் 40 கோடு ஒரு மி.லி., ஆரஞ்சு மூடி யூ-100ல் 100 கோடு ஒரு மி.லி. 5000 ஐ.யூ.வை ஒரு மி.லி.யில் கரைச்சா 2000 ஐ.யூ. வேணும்னா 0.4 மி.லி. ஆரஞ்சில் 40 கோடு, சிவப்பில் 16 கோடு. சிவப்பில் 40ன்னு இழுத்துட்டா முழுக் குப்பியும் உள்ளே போயிடும். குழப்பமே வேண்டாம்னா 1 மி.லி. டியூபர்குலின் சிரிஞ்சு வாங்குங்க, அதில் மி.லி.யே எழுதியிருக்கும்.

கரைக்கிறப்போ கரைப்பானைப் பொடி மேலே பீய்ச்சாமல் குப்பியோட சுவர் வழியா மெதுவா விடுங்க. குலுக்க வேண்டாம், உள்ளங்கையில் வச்சு உருட்டினாப் போதும். தெளிவா வரணும், கலங்கலோ துகளோ தெரிஞ்சா போடாதீங்க. தொப்புளை விட்டு ரெண்டு விரல்கடை தள்ளி வயித்துத் தோலை மடிச்சுப் பிடிச்சு, தோலுக்கடியில் போடலாம். மெலிஞ்ச ஆளுன்னா ஊசியை 45 டிகிரி சாய்க்கணும். ஒவ்வொரு தடவையும் இடம் மாத்துங்க. தோலுக்கடியிலா, தசையிலான்னு சீட்டில் இருக்கிறபடிதான்.

கரைக்காத பொடி வகையைப் பொறுத்து 25 டிகிரிக்குள்ளேயோ, ஃப்ரிட்ஜிலேயோ வைக்கணும். அட்டைப்பெட்டியில் எழுதியிருக்கும், வாசிச்சுட்டு வாங்குங்க. கோடையில் தகரக் கூரை போட்ட லயத்தில் 25 டிகிரி எங்கே இருக்கும்? மண்பானை குளிர்ச்சி இதுக்குப் போதாது. ஊரிலேயே ஃப்ரிட்ஜ் இருக்கிற மருந்துக் கடையிலோ சொந்தக்காரங்க வீட்டிலோ வச்சு, ஊசி நாளில் ஒண்ணு எடுத்துப் போடுறதுதான் நல்லது. திருவனந்தபுரத்தில் இருந்து மொத்தமா வாங்கிட்டு வந்தா ஐஸ் பேக்கைத் துணியில் சுத்தி வச்சுக்கொண்டு வாங்க. குப்பி நேரா ஐஸ்மேல் உக்காந்து உறைஞ்சுட்டா மருந்து போச்சு. ஃப்ரீசர் பக்கமே வைக்காதீங்க.

வாரம் ரெண்டுன்னா திங்கள், வியாழன்னு நாளைக் கட்டிப் போட்டுக்கோங்க. ரத்தம் கொடுக்கிறது அடுத்த ஊசி நாள் காலையில், ஊசிக்கு முன்னாடி. ரெண்டு ஊசிக்கு நடுவில் கொடுத்தா அளவு கூடித் தெரியலாம். அதைப் பார்த்து டோஸைக் குறைச்சுடுவாங்க.

மார்க்காம்புக்குக் கீழே கட்டி மாதிரி வலிச்சா, பரு வந்தா மறைக்காமல் சொல்லச் சொல்லுங்க. எச்.சி.ஜி. டெஸ்டோஸ்டிரோனை ஏத்துறப்போ பெண் ஹார்மோனான ஈஸ்ட்ரடையாலும் சேர்ந்து ஏறும். டோஸைக் குறைச்சு, தடவையைக் கூட்டினாலே பலருக்குத் தணிஞ்சிடும். ஆம்பளைங்க இதை வெக்கப்பட்டு மறைச்சு, யார்கிட்டயும் சொல்லாமல் ஊசியையே நிறுத்திடுறாங்க. அது வேண்டாம்.

ஆண்ட்ராலஜி_டிவிஎம்:

எண்டோ சாரும் அக்காவும் சொன்னதோடு லேப் பக்கத்தைச் சேர்க்கிறேன்.

ஒரு அணு உருவாகி முடிக்க ஏறக்குறைய 74 நாள், விரைமேல் குழாயில் முதிர்ந்து வெளியே வர இன்னும் ஒன்றிரண்டு வாரம். ஆகையால் எச்.சி.ஜி. தொடங்கி ஒரு மாதத்தில் விந்தைச் சோதித்துப் பூஜ்யம் என்று மனமுடைவதில் பொருளில்லை. முதல் மூன்று மாதத்தில் பார்க்க வேண்டியது டெஸ்டோஸ்டிரோன். 400, 500 என்று நடுத்தரத்துக்கு வந்துவிட்டதா? விந்தளவு 1.5 மி.லி.யை நெருங்குகிறதா? விந்தளவு கூடுவதுதான் கண்ணுக்குத் தெரியும் முதல் அடையாளம். டெஸ்டோஸ்டிரோன் ஏறவில்லை என்றால் டோஸைக் கூட்டும் முன் குப்பி எங்கே இருந்தது, எந்த சிரிஞ்சு என்று கேளுங்கள். பாதிக் கேஸ் அங்கேயே தீர்ந்துவிடும்.

டெஸ்டோஸ்டிரோன் சரியாகி, மொத்தம் ஆறு மாதமாகியும் அணு வரவில்லை என்றால் எஃப்.எஸ்.எச். சேர்ப்பார்கள்: 75 முதல் 150 ஐ.யூ., வாரம் மூன்று தடவை. சிறுநீரிலிருந்து எடுத்த எச்.எம்.ஜி. (எஃப்.எஸ்.எச். உள்ள ஊசி) விலை குறைவு. ஆய்வகத்தில் உருவாக்கிய ரீகாம்பினன்ட் எஃப்.எஸ்.எச். விலை அதிகம். அணு வருவதில் பெரிய வித்தியாசம் எதிர்பார்க்க வேண்டாம். 150 வேண்டுமென்றால் 75 குப்பிகள் இரண்டையும் ஒரே மி.லி. கரைப்பானில் அடுத்தடுத்துக் கரைத்து ஒரே ஊசியாகப் போடலாம். எச்.சி.ஜி.யை நிறுத்தக் கூடாது, இரண்டும் கூடவே போக வேண்டும். பருவம் வந்தபின் பழுதானவர், விரை 12 மி.லி. என்பதால் இவருக்கு எச்.சி.ஜி. மட்டுமே போதுமானதாகக்கூட இருக்கலாம். பிறவியிலேயே குறைபாடு, வாசனை தெரியாத கால்மன் வகை, விரை 4 மி.லி.க்கும் கீழே, சிறுவயதில் விரை இறங்காமல் இருந்தது என்றால் பாதை நீளம். ஒன்றரை, இரண்டு வருடம்கூட ஆகலாம். அவர்களுக்கு எச்.சி.ஜி.க்கு முன்பே சில மாதம் எஃப்.எஸ்.எச். மட்டும் கொடுத்துத் தொடங்குவதும் உண்டு.

மாதிரி கொடுக்கும்போது 2 முதல் 7 நாள் இடைவெளி. ஒவ்வொரு தடவையும் ஒரே இடைவெளியாக இருந்தால் ஒப்பிட வசதி. முதல் சொட்டில்தான் அணு அதிகம். அது சிந்திவிட்டால் வெட்கப்படாமல் லேப்பில் சொல்லுங்கள், எண்ணிக்கையைவிட அந்தத் தகவல் முக்கியம். எண்ணெய், சோப்பு, எச்சில், கடை ஆணுறை எதுவும் படக் கூடாது. ஒரு மணி நேரத்துக்குள் மேசைக்கு வர வேண்டும். புளியரையில் எடுத்து ரயிலில் திருவனந்தபுரம் கொண்டுவருவது வேலைக்காகாது.

உலக சுகாதார நிறுவனத்தின் 2021 கையேட்டில் கீழ் எல்லை: அளவு 1.4 மி.லி., மி.லி.க்கு 1.6 கோடி அணு, மொத்தம் 3.9 கோடி, அசைவு 42 சதவீதம், முன்னேறும் அசைவு 30 சதவீதம், சரியான உருவம் 4 சதவீதம். ஆனால் இந்த வகை நோயாளிக்கு இந்த எண்ணை எட்டினால்தான் குழந்தை என்று நினைத்துவிடாதீர்கள். பிட்யூட்டரிக் குறைவுக்கு மருந்து எடுப்பவர்களில் மி.லி.க்கு 50 லட்சத்துக்கும் கீழே இருக்கும்போதே இயல்பாகக் கரு தரிப்பது சாதாரணம், வரும் அணு நல்ல அணுவாக இருப்பதால். மனைவிக்கு 28 வயது, குழாய் திறந்திருக்கிறது, அவசரம் இல்லை. மனைவி 36, 37 என்றால் அணு தெரிந்த அன்றே இக்சி (ஒரு அணுவை ஊசியால் நேரே முட்டைக்குள் செலுத்தும் முறை) பற்றிப் பேசியிருப்பேன். அதற்குச் சில உயிருள்ள அணுக்கள் போதும்.

அணு தெரிய ஆரம்பித்ததும் இரண்டு மூன்று மாதிரியை உறைய வைத்துவிடுங்கள். பின்னால் மருந்து தடைபட்டாலும், பணம் தட்டுப்பட்டாலும் அது கைகொடுக்கும். 2021ஆம் ஆண்டு இனப்பெருக்கத் தொழில்நுட்பச் சட்டப்படி பதிவு பெற்ற வங்கியில்தான் வைக்க வேண்டும். பத்து வருடம் வரை வைக்கலாம். ஒரே குப்பியில் எல்லாவற்றையும் வைக்காமல் பிரித்து வைக்கச் சொல்லுங்கள்.

ரப்பர் வேலை என்பதால் ஒரு கேள்வி: பால் வெட்டோடு புகைக்கூடத்தில் ஷீட் உலர்த்தும் வேலையும் செய்கிறாரா? அந்த வெக்கையில் நீண்ட நேரம் நிற்பது விரைக்கு ஆகாது. இந்த ஒரு வருடமாவது அந்த வேலையை வேறு ஆளிடம் மாற்றிவிட முடிந்தால் நல்லது. கடுமையான காய்ச்சல் வந்தாலும் அடுத்த இரண்டு மூன்று மாதம் எண்ணிக்கை இறங்கும். அதை மருந்து தோற்றதாகக் கணக்கு வைக்காதீர்கள்.

பாவூர்சத்திரம்_ஃபிட்னெஸ்:

நடுவில் ஒரு கேள்வி கேட்டுக்கறேன். ஜிம்மில் பசங்க டெஸ்டோஸ்டிரோன் ஊசி போட்டு உடம்பு ஏத்துறாங்க. அப்படிப் போட்டவங்களுக்கும் எஃப்.எஸ்.எச்., எல்.எச். பூஜ்யம், அணு பூஜ்யம்னுதான் ரிப்போர்ட் வருது. அவங்களுக்கும் இதே எச்.சி.ஜி.தானா? அப்புறம் புரோலாக்டின் கூடியிருந்தா என்ன பண்றது?

பொதிகை_எண்டோ:

ரிப்போர்ட் ஒரே மாதிரி தெரியும், காரணம் வேற. அவங்க சுரப்பி செத்துப்போகலை, அடங்கிக் கிடக்கு. ஊசியை நிறுத்தினா பெரும்பாலானவங்களுக்குத் தானாகத் திரும்பி வரும். ஆறு மாசம், ஒரு வருஷம். நிறைய நாள் போட்டவங்களுக்கு ரெண்டு வருஷம்கூட ஆகலாம். மனைவிக்கு வயசு ஏறுதுன்னா காத்திருக்காமல் எச்.சி.ஜி. கொடுப்போம், இங்கே குளோமிஃபீனும் வேலை செய்யும். ஆனா நிறுத்தினதும் வர்ற சோர்வு தாங்காமல் மறுபடி ஊசியைத் தேடிப் போறவங்கதான் அதிகம். அந்த ரெண்டு மூணு மாசம் கூட இருந்து பார்த்துக்கிற ஆள் நீங்கதான் தம்பி. குழந்தை பெத்துக்கிற எண்ணம் இருக்கிற எந்தப் பையனுக்கும் அந்த ஊசி ஆகாதுன்னு ஜிம்மில் சத்தமாவே சொல்லுங்க.

புரோலாக்டின் கூடியிருந்தா மருந்துச் சீட்டை முதல்ல பாருங்க. டொம்பெரிடோன், மெட்டோகுளோபிரமைடு, ரிஸ்பெரிடோன் எல்லாம் அதை ஏத்தும். மனநல மருந்தை யாரும் தானா நிறுத்தக் கூடாது, எழுதின டாக்டர்கிட்டப் பேசித்தான் மாத்தணும். தைராய்டு குறைவும் ஏத்தும், அப்போ தைராக்சினே போதும். இது எதுவும் இல்லாமல் கூடியே இருந்தா பிட்யூட்டரியில் கட்டியைச் சந்தேகிச்சு எம்.ஆர்.ஐ. எடுக்கணும். புரோலாக்டினைக் குறைக்கிற காபெர்கோலின் 0.25 மி.கி. வாரம் ரெண்டு தடவை, ராத்திரி சாப்பாட்டோட தொடங்கிப் படிப்படியாக் கூட்டுவோம். புரோலாக்டின் இறங்கினா எல்.எச். தானா எழும்பும், பலருக்கு வேற ஊசியே தேவைப்படாது.

செங்கோட்டைத் தம்பிக்கு: கரு தங்கினதும் எச்.சி.ஜி.யை உடனே நிறுத்த வேண்டாம். முதல் மூணு மாசம் தாண்டட்டும். ரெண்டாவது குழந்தையும் சீக்கிரம் வேணும்னா எச்.சி.ஜி. மட்டும் தொடர்ந்தாலே அணு நிக்கிறது உண்டு. போதும்னு முடிவு பண்ணினா அப்போ அந்த டெஸ்டோஸ்டிரோன் ஊசிக்கு மாறலாம், அதுக்கு நேரம் அப்பதான்.

ஹைட்ரோகார்டிசோனும் தைராக்சினும் ஆயுசுக்கும். காய்ச்சல் 38 டிகிரியைத் தாண்டினா அன்னிக்கு டோஸ் ரெண்டு மடங்கு, 39ஐத் தாண்டினா மூணு மடங்கு. வாந்தியில் மாத்திரை நிக்கலைன்னா 100 மி.கி. ஊசி போட்டே ஆகணும், காத்திருக்கக் கூடாது. இதை எழுதி, சட்டைப் பையில் வைக்கிற அட்டையா லேமினேட் பண்ணிக் கொடுங்க. எஸ்டேட்டில் விழுந்தா வண்டி புனலூருக்கும் போகலாம், தென்காசிக்கும் போகலாம். தமிழ் ஒரு பக்கம், மலையாளம் ஒரு பக்கம் இருக்கட்டும். மேலே பெரிசா "பிட்யூட்டரி செயலிழப்பு, ஹைட்ரோகார்டிசோன் 100 மி.கி. உடனே" என்கிற ஒரு வரி இருக்கணும், கீழே தினசரி மருந்தும் அளவும்.

லேப்_செங்கோட்டை:

அட்டை நாளைக்கே அடிச்சுடறேன் அண்ணாச்சி. மலையாளப் பக்கத்தை அக்கா ஒரு தடவை பார்த்துக் கொடுத்தா உதவியா இருக்கும். 2000 ஐ.யூ. குப்பி புனலூரில் கிடைக்குதாம். புகைக்கூடத்தில் நிக்கிறது உண்டுதான், மேஸ்திரிகிட்டப் பேசி மாத்திக்கறேன்னு சொல்லியிருக்கார்.

ஸ்டாஃப்_பாறசாலை:

அனுப்புங்க தம்பி, பார்த்துத் தர்றேன். மாத்திரை பேரை மலையாளத்திலும் ஆங்கிலத்திலும் ரெண்டா எழுதிடுங்க, கேஷுவாலிட்டியில் அவசரத்துக்கு வாசிக்க அதுதான் சுளுவு.